நல்ல பிரதி

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவது வழக்கம். அதன் உறுமல் மெல்லிய இடங்களைக் கெடுக்கும். பாலாடை புளித்துப்போகிறது என்று ராடோய்கா கல்யாணமான நாளிலிருந்து புலம்புகிறாள். பாலாடையை நாளைக்கும் சந்தையில் வாங்கலாம், நல்ல நிசப்தத்தை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது என்று நான் சொல்வேன். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, விஷ்னியா? நான் எதையும் யோசித்துத்தான் செய்கிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேள்.

நீ இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறாய். உன் அப்பாவின் மியூசிக் சர்வரில் நான் கை வைத்தேனா என்பது ஒன்று. உன் அம்மாவின் குரல் கெடாத பிரதி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்பது இன்னொன்று. அந்தப் பிரதி கிடைத்தால் அப்பா மறுபடி வாய் திறப்பார், ஒழுங்காகச் சாப்பிடுவார், எழுந்து நடமாடுவார் என்று நம்புகிறாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு, ஆமாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காபி ஆறுகிறது, குடி.

உன் அப்பாவை உன் எதிரிலும் நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. பாவ்லேவின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன் நான். உன்னை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் ஏந்தியவனும் நான்தான். அந்த உறவுக்குக் கூம் என்று பெயர் வைத்து, கூடப்பிறந்தவனுக்கும் மேலே வைத்திருக்கிறோம். கூம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, கூமின் மேல் சந்தேகப்படக் கூடாது. பாவ்லே இந்த இரண்டையும் கடைசிவரை கடைப்பிடித்தான். அந்த விஷயத்தில் அவன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நாங்கள் மூன்று பேர் சனிக்கிழமைதோறும் கூடுவோம் என்பது உனக்குத் தெரியும். வானொலியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த உன் அப்பா, மருந்துக்கடை ராஸ்ட்கோ, பல் வைத்தியனாகிய நான். பாட்டைவிடப் பாட்டு வரும் பெட்டிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம் என்று பெண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு கம்பியை மாற்றினால் செல்லோ வாத்தியத்தின் மரம் காதில் தெரிகிறதா இல்லையா என்று நான்கு மணி நேரம் சண்டை போடுகிறவர்களுக்கு உலகத்தில் வேறு சண்டைக்கு நேரம் இருக்காது.

சண்டை எங்கள் வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாளில்தான் ஆரம்பித்தது. சண்டை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வியன்னாவிலிருந்து வரவழைத்த ஸ்பீக்கர்கள் அப்போது புதுசு. இலையுதிர்காலம் முழுவதும் அவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், மேசை நிறைய முட்டைக்கோஸ் உருண்டை, கோதுமைப் பாயசம், பழச்சாராயம். பாவ்லே தாமதமாக வந்தான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் பாட்டுக் கேட்டான். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, எதையோ அழுத்தினான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் "ஆ" என்றார்கள். நானும் "ஆ" என்றேன்.

"ட்வீட்டர் ஒயர் கழண்டிருந்துச்சு, கூமே. ஒண்ணுமில்ல. வந்த நாள்லேர்ந்தே அப்படி இருந்திருக்கும்," என்றான் பாவ்லே. மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர் அது.

"அப்போ இத்தனை நாளா பாதி ஊமை ஸ்பீக்கரையா சொர்க்கம் சொர்க்கம்னு சொல்லிட்டிருந்தே, புடிமிர்?" என்றான் ராஸ்ட்கோ.

எல்லாரும் சிரித்தார்கள். ராடோய்காவும் சிரித்தாள். பாவ்லே சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டான். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் குனிவதற்கு முன்னும் நிமிர்ந்த பின்னும் அந்த ஸ்பீக்கர் ஒரே மாதிரிதான் பாடியது. ஒரு இழைகூட மாறவில்லை. நான் அங்கேதான் நின்றேன், கவனமாகத்தான் கேட்டேன். ஒயர் முதலிலிருந்தே சரியாக இருந்தது. வானொலிக்காரன் குனிந்தான் என்ற மரியாதைக்குக் கூட்டம் வாயைப் பிளந்தது, அவ்வளவுதான். ஒரு மனிதன் தன் கூமின் வீட்டில், அவன் வீட்டுப் புனிதரின் நாளில், அப்படி ஒரு நாடகம் போடுவானா என்று நீ கேட்கலாம். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு வருடக்கணக்காக ராஸ்ட்கோ என்னை எங்கே பார்த்தாலும் "ஒயர் உள்ள இருக்கா, புடிமிர்?" என்பான். மீன் சந்தையில் கேட்டான். பாலத்தின் மேல் கார் கண்ணாடியை இறக்கிக் கேட்டான். என் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி ஒருவர்கூட மருந்துக்கடையில் கேள்விப்பட்டு வந்து கேட்டார். அவருக்கு அன்று நான் மரப்பு ஊசி கொஞ்சம் குறைவாகப் போட்டேன். எரிந்தது, விஷ்னியா. பாவ்லேவின் காது, பாவ்லேவின் காது என்று ஊரே பேசும்போது வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு உன் அம்மா இறந்தாள். நெவேனா நல்லவள். வானொலிப் பாடகர் குழுவில் அவள் தனியாகப் பாடிய டேப்புகளை, கட்டடம் மாறும்போது குப்பையில் போட இருந்தார்கள். பாவ்லேதான் காப்பாற்றிக் கொண்டுவந்து நிலவறையில் வைத்தான். டான்யூப் ஆற்றின் ஈரம் ஏறி அவை பிசுபிசுத்துப்போயிருந்தன. அவள் போன பிறகுதான் அவனுக்கு அவற்றின் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்றுவிட்டான், வீடு காலி, நீ பெல்கிரேடில். ஒரு மனிதனுக்குச் செய்ய வேலை வேண்டும். நான்தான் வழி சொன்னேன்.

"பழைய மூட்டையெல்லாம் கட்டிப்போடு, கூமே. பாட்டுக்குன்னே ஒரு சர்வர் வாங்கு. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. ரெக்கார்டு, சிடி, நெவேனா டேப்பு, எல்லாம் அதுக்குள்ள போயிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்."

"அதை யாரு மேய்க்கிறது? அந்தத் திரையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வருது."

"நான் மேய்க்கிறேன். என் வீட்டுலேர்ந்தே எல்லாம் பார்த்துக்கலாம்."

"அப்போ சரி. கெட்டுப்போச்சுன்னா உன்னைத்தான் உதைப்பேன்."

சுமந்து போய் வைத்ததும் நான், இணைத்ததும் நான். ரெக்கார்டு சுழற்றியை நிலவறைக்கு இறக்கச் சொன்னேன். டேப் ஓட்டும் பெட்டியை சர்வரோடு இணைத்தேன், ஹெட்போனும் அதிலிருந்துதான். ஒரே பாதையாக இருந்தால் ஒலி சுத்தமாக இருக்கும் என்று விளக்கினேன். அதில் உண்மையும் இருக்கிறது. அவன் வீட்டில் எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்றாலும் இனி அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்.

பெட்டியின் முகப்பில் சின்ன நீல விளக்கு ஒன்று இருக்கும். பாட்டு ஒரு துளியும் மாறாமல் உள்ளே வருகிறது என்றால் அது எரியும். பாவ்லேவுக்கு அந்த விளக்கின் மேல் தேவாலயத்து மெழுகுவத்தி மாதிரி பக்தி. ஆனால் விளக்கைத் தாண்டி, பாட்டு வெளியே போகிற வழியில், அறைத் திருத்தம் என்று ஒரு மடை இருக்கிறது. அறையின் மூலை முடுக்குகளுக்கு ஏற்ப எதைக் கூட்ட, எதைக் குறைக்க என்று அங்கே சொல்லலாம். அதை விளக்குக் கண்டுகொள்ளாது. அந்த மடையின் சாவி என் வீட்டுக் கணினியில் இருந்தது.

முதலில் எதையும் தொடவில்லை. நோயாளிக்கு நாற்காலி பழக வேண்டும், அதுவரை கருவியை எடுக்கக் கூடாது. அவன் சந்தோஷமாக இருந்தான். ராஸ்ட்கோவிடம், "புடிமிர் எனக்குப் புது வீடு கட்டிக் கொடுத்துட்டான்," என்று சொன்னானாம். அந்த வாரம்தான் உச்சியில் இருக்கிற மேல் ஒலிகளை, அதாவது ட்ரெபிளை, ஒரு சிட்டிகை குறைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு சிட்டிகை. மெதுவாகச் செய்தால் எந்த மனிதனுக்கும் எதுவும் தெரியாது. பல்லையே அப்படி எடுத்திருக்கிறேன்.

அவனுக்குத் தெரிந்தது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தெரிந்தது. ஸ்பீக்கரைத் துடைத்தான், கம்பிகளை மாற்றினான். உன் அம்மா தைத்த திரைச்சீலைகளைக் கழற்றினான், கம்பளத்தைச் சுருட்டி வெளியே வைத்தான். அறை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆயிற்று. ஒரு சனிக்கிழமை பாட்டின் நடுவே என் கையைப் பிடித்தான்.

"கூமே, பின்னாடி அந்த முக்கோண மணி அடிக்குதே, உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே."

"எப்பவும் கேட்ட மாதிரியா?"

"எப்பவும் கேட்ட மாதிரிதான்."

இது பொய் என்று நினைக்காதே. அந்த மணி எனக்கு என்றைக்கும் எப்படிக் கேட்டதோ அன்றைக்கும் அப்படியேதான் கேட்டது.

"அப்போ பெட்டியில ஏதாவது?" என்றான்.

"நீல விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன, பாவ்லே."

அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாழ்நாள் முழுவதும் கருவிகளோடு வாழ்ந்தவன். கருவி சரி என்றால் மனிதன்தான் தப்பு என்று அவனுடைய வேலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அவன் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? கையில் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகம். நான் பார்த்து ரசித்தேன். வேறு வார்த்தை போட்டுச் சொன்னால் பொய்யாகிவிடும்.

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அந்த அம்மாள் சோதித்துவிட்டு, "உங்க வயசுக்கு இது பொறாமைப்பட வேண்டிய காது," என்றாள்.

"உங்க மெஷின் எட்டாயிரம் ஹெர்ட்ஸோட நின்னுடுது டாக்டர். எனக்குப் பிரச்சினை அதுக்கு மேல."

"அதுக்கு மேல மனுஷங்க பேசறதில்லையே, ஐயா."

காருக்கு வந்ததும், "பேசறதில்லைதான். பாடுறாங்களே," என்றான். அந்தச் சோதனை எதோடு நிற்கும் என்பதை முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். அதற்கு மேலேதான் குறைத்திருந்தேன். நான் அரைகுறையாக எதையும் செய்கிறவன் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டியிருப்பேன். கோடையில் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, "சில்வண்டு நல்லாக் கேக்குதே, கூமே. அது எப்படி?" என்றான். நானும் காதைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு எந்த வண்டும் கேட்கவில்லை. ஆகவே மனதாரச் சொன்னேன்: "காது போகும்போது மூளை ஞாபகத்துலேர்ந்து எடுத்துப் போடுமாம். இல்லாத சத்தம்தான் இருக்கிற மாதிரி கேக்கும்." அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு சாயங்காலமானால் பால்கனிக் கதவைச் சாத்திவிடுவான். வண்டுகள் பொய் சொல்கின்றன என்று சொல்வான். நீ அந்தக் கோடையில் வந்தபோது புழுக்கத்தில் ஏன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார் என்று என்னிடம் கேட்டாய். வயசாகிறது என்று சொன்னேன்.

இலையுதிர்காலத்தில் டேப்புகளை எடுத்தான். ஈரம் ஏறிய டேப்பைச் சூடு காட்டி உலர்த்தாமல் ஓட்ட முடியாது. ராடோய்கா பிளம் பழம் உலர்த்தும் பெட்டியைக் கொடுத்தாள். நெவேனாவின் டேப்புகள் பிளம் தட்டுகளில் சுருண்டு காய்ந்தன. அப்படிக் காய்ந்தாலும் ஒரு தடவைதான். ஓட ஓடப் பூச்சு உதிர்ந்து பழுப்புப் பொடியாகக் கீழே கொட்டியது. ஓடி முடித்ததும் வெறும் நாடா. குரல் இனி சர்வருக்குள் மட்டும்தான். பாவ்லே அந்தப் பொடியைக் கூட்டிப் பெருக்காமல் ஒரு காபிக் கிண்ணத்தில் வழித்து வைத்தான். அழுதான். ஆனாலும் வேலை தெரிந்தவன், முதலில் எதையும் தொடாமல் அப்படியே ஒரு கச்சாப் பிரதி எடுத்து வைத்துவிட்டான். திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான்.

அப்போதுதான் என்னிடம் ஒன்று கேட்டான். கூம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

"என் காது மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. நெவேனா விஷயத்துல தப்பு நடக்கக் கூடாது. அடுத்த வருஷத் திவசத்துல எல்லாரும் கேக்கணும். நீ பக்கத்துல உக்காரு. அவ குரல் அவ குரலா வந்ததும் சொல்லு, நான் நிறுத்திக்கிறேன்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு பாவ்லே என்னிடம் காது கேட்டான். அந்த நாட்களில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, இதை நீ நம்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, அவள் எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவாளே, அதை நினைத்துக்கொண்டு கேட்டேன். குரல் கம்பளிக்குள் இருந்தது. "கூட்டு," என்றேன். அவன் ட்ரெபிளைக் கூட்டினான். "இன்னும்." இன்னும் கூட்டினான்.

"நம்பரைப் பார்த்தா பைத்தியக்காரத்தனமா இருக்கு, கூமே."

"நம்பரைப் பார்க்காதே, காதைக் கேளுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே."

"அது எனக்குக் காது இருந்தப்போ."

"இப்போ என் காது இருக்கு. கூட்டு."

கூட்டினான். பாட்டுக்குப் பாட்டு அப்படித்தான் முடித்தோம். முடிந்த அன்று அவன் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். நான் வீட்டுக்கு வந்து, கச்சாப் பிரதியை என் கணினிக்கு மாற்றிக்கொண்டு, அவனுடையதில் அது இல்லாமல் செய்தேன். ஏன் என்றால், திரும்பிப் போக வழி இருக்கிறவரை மனிதன் பாடம் கற்க மாட்டான். அவனுக்குப் பாடம் வேண்டும் என்று நான் நினைத்தேன். காதைப் பற்றிய கர்வம் போக வேண்டும், அவ்வளவுதான். நான் அவனை வெறுத்ததில்லை.

திவசத்தன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். கல்லறையிலிருந்து வந்து தேவாலயக் கூடத்தில் எல்லாரும் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீதான் பட்டனை அமுக்கினாய். அந்தக் கூடத்து ஸ்பீக்கர்கள் வேறு, அங்கே என் மடை எதுவும் இல்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நெவேனாவோடு பாடிய பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி தலையைக் குனிந்து மேசையில் வைத்துக்கொண்டாள். பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்களாம். மிகைப்படுத்துவது நம் ஊர் வழக்கம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவள் உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது. நான் மட்டும்தான் அந்தக் கூடத்தில் கண்ணீர் விட்டுக் கேட்டேன்.

பாவ்லே எழுந்து, "நிறுத்து," என்றான். உன்னிடம்தான். பிறகு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னால் போனேன்.

"எனக்குக் கேட்டுச்சு, கூமே. எல்லாமே கேட்டுச்சு. குழந்தை அழுதது, கரண்டி வெச்சது, எல்லாம். காது நல்லாத்தான் இருக்கு. அப்போ நான் அவ குரலை என்ன பண்ணித் தொலைச்சேன்?"

"துக்கத்துல கை தவறும், பாவ்லே."

"பரவாயில்ல. கச்சாப் பிரதி இருக்கு. வா, இப்பவே போவோம்."

போனோம். தேடினான். நானும் கூட உட்கார்ந்து தேடினேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை அவன். கடைசியில் என்னைப் பார்த்து, "நான் அழிச்சிட்டேனா?" என்றான்.

"அன்னைக்கு நீ ஏதோ அமுக்கிட்டிருந்தே. நான்தான் கவனிக்கல," என்றேன்.

"அப்போ நெவேனாவை ரெண்டாவது தடவை புதைச்சது நான்தான்."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன், நீ உன் வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கிறான் என்கிறாய். அன்று அந்த அறையில் அவன் அழுதபோது எனக்குள்ளே ஏதோ இறங்கி லேசாயிற்று. நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன், மனம் அவ்வளவு நன்றாக இருந்தது. ராஸ்ட்கோவும் அதற்குப் பிறகு ஒயரைப் பற்றிக் கேட்கவில்லை.

நீ சர்வரை விற்கப் போனபோது, இந்தத் திருத்தத்தோடு கேட்டால் யாருக்கும் காது போனதாகத்தான் தோன்றும் என்று கடைக்காரர் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தத் திருத்தத்தை நான் எடுத்துவிட்டிருக்க வேண்டும், சோம்பல்.

இனி உன் இரண்டாவது கேள்வி. நேற்று நீ வருகிறேன் என்று போன் செய்தபோது கச்சாப் பிரதி என்னிடம்தான் இருந்தது. திருத்திய பிரதியும் இருந்தது. நீ போனில் அழுதாய். உன்னைக் கையில் ஏந்தியவன் நான், கல் நெஞ்சு கிடையாது. கொடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் இரண்டையும் கொடுத்தால் இது அம்மாவா, அது அம்மாவா என்று குழப்பம் வரும். ஒரு பெண்ணுக்கு ஒரு குரல்தான் இருக்க வேண்டும். சிறந்தது எதுவோ அதைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் வட்டத்தில் இரண்டில் எது சிறந்தது என்று பார்க்கும்போது பெயரைப் பார்க்க மாட்டோம். ஒருவர் போடுவார், இன்னொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். பெயர் தெரிந்தால் மனம் ஏமாற்றும், காது மட்டும்தான் ஏமாற்றாது. ராடோய்காவைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பி உட்கார்ந்தேன்.

முதலாவது மங்கல். ஈரத் துண்டைப் போட்டு மூடின மாதிரி எங்கேயோ யாரோ பாடினார்கள். இரண்டாவதில் நெவேனா எதிரே வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. மறுபடி மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். அவசரப்படக் கூடாது அல்லவா? ஒவ்வொரு தடவையும் அதேதான். சந்தேகத்துக்கே இடமில்லை. திரும்பிப் பார்த்தபோது ராடோய்கா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தெளிவா இருந்ததே, அதுதான் நல்ல பிரதி. மங்கலா இருந்ததை அழிச்சிடு," என்றேன்.

"நல்லாக் கேட்டியா, புடிமிர்?"

"கேட்டேன்."

"எது எதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதே. சொன்னா சோதனையே கெட்டுப்போகும்."

"நான் அழிக்க மாட்டேன். கையை வெட்டினாலும் மாட்டேன். அந்தப் பொண்ணு நாளைக்கு வருது, உனக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஆகவே நானே அழித்தேன். விதி விதிதான், பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டிக் கேட்டுத்தான் மங்கலானதை அழித்தேன். மீட்க முடியாதபடி முழுதாக அழித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்றேனே. ராடோய்கா பையை எடுத்துக்கொண்டு சோம்போரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாளில் வந்துவிடுவாள். அவளுக்கு நல்ல ஒலியைப் பற்றி என்றைக்குமே தெரிந்ததில்லை.

செய்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். ட்ரெபிளைக் குறைத்தது நான், பிரதியை எடுத்து ஒளித்தது நான், உன் அப்பா தன்னையே பழித்துக்கொண்டபோது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததும் நான். போலீசுக்குப் போக வேண்டும் என்றால் போ, இதையே அங்கேயும் சொல்கிறேன். ஆனால் நேற்று செய்தது கணக்கில் வராது. அதை உனக்காகச் செய்தேன்.

இதோ, இந்தச் சின்ன டிஸ்கில் இருக்கிறது. அழாதே, எடுத்துக்கொண்டு போ. வீட்டுக்குப் போனதும் அப்பா காதில் இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு இதைப் போட்டுக் காட்டு. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வை. நெவேனா இவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை.